பிழை பார்த்தல்

இந்த இதழின் அட்டை அச்சகத்தில் அடித்ததல்ல. ஓமலூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லாரிப் பட்டறையின் தகரக் கொட்டகையில், எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய அச்சை ஒவ்வொரு தாளின் மேலும் வைத்து, ஏர்பிரஷ்ஷால் வண்ணம் ஊதி எடுத்தது. மொத்தம் 200. ஆசிரியர் சிக்கனத்தை நினைத்துக் கேட்டார். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. அந்தக் கருவியைப் பற்றிப் பத்து வருஷமாக ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தேன், கையால் தொட்டதில்லை. நம் வட்டத்தில் இது அபூர்வமான நிலைமை அல்ல என்பதை நண்பர்கள் அறிவார்கள்.

அபிப்பிராயம் இதுதான்: கோடு உண்மை, ஊதல் பொய். நம்முடைய சிறுபத்திரிகைகள் கோட்டில் வளர்ந்தவை. அதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு - லைன் பிளாக் மலிவு, ஹாஃப்டோன் கட்டுப்படியாகாது. ஆனால் அது மட்டுமே காரணமென்றால், காந்தி நூற்றாண்டான 1969இல் ஆதிமூலம் காந்தியைத் திரும்பத் திரும்ப வரைந்த கோட்டுச் சித்திரங்கள் இன்றைக்கும் ஒருவனை நின்று பார்க்க வைக்க நியாயமில்லை. அந்தக் கோடுகளில் கை எங்கே தயங்கியது, எங்கே வேகமெடுத்தது என்று தெரிகிறது. ஏர்பிரஷ்ஷில் கை தெரியவே கூடாது. அதுதான் அதன் லட்சணம். 1879 வாக்கில் அமெரிக்காவில் ஐயோவாவைச் சேர்ந்த அப்னர் பீலர் அதன் ஆதி வடிவத்தைச் செய்தார். சீக்கிரமே அது போட்டோக்களுக்கு வண்ணமேற்றவும் அவற்றைத் திருத்தவுமான கருவியாகப் பரவிற்று. சோவியத் நாட்டின் ரீடச்சிங் மேஜைகளில் கத்தியோடும் பசையோடும் அதுவும் இருந்தது. 1937இல் மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினின் பக்கத்தில் நின்ற யெஷோவ், 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அதே படத்தில் வெறும் தண்ணீராகிப் போனார். 1990இல் போட்டோஷாப் வெளிவந்தபோது அதன் கருவிகளுக்குள் ஏர்பிரஷ்ஷும் ஒன்று. கல்யாண ஆல்பங்களில் நாம் எல்லோரும் மெழுகாகிப் போனதன் வம்சாவளி இதுதான்.

எதிர்த்தரப்பு தெரியாமல் இல்லை. மான் ரே 1919இல் நியூயார்க்கில் ஏர்பிரஷ்ஷால் செய்த ‘ஏரோகிராஃப்’களைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பரப்பைத் தொடாமலே ஓவியம் செய்வதில் அவருக்கு இருந்த கிளர்ச்சியையும் படித்திருக்கிறேன். விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டேன். விதிவிலக்குகளை ஒதுக்கி வைக்க விமர்சகனிடம் எப்போதும் ஒரு அலமாரி இருக்கிறது.

இதோடு இன்னொரு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் ஏர்பிரஷ்ஷைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

பட்டறைக்காரர் எங்கள் கிளைக்கு வந்து போகிறவர். வயது முப்பதுக்குள். சங்ககிரியில் லாரி பாடி கட்டும் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பட்டி பார்க்கவும் உப்புத்தாள் தேய்க்கவும் கற்று, பிறகு எழுத்து, கழுகு, தாமரை, முதலாளி குழந்தைகளின் முகம் என்று வந்தவர். ஸ்டிக்கர் வந்த பிறகு எழுத்து வேலை பாதியாகிவிட்டது. இப்போது பைக் டேங்க், ஹெல்மெட் என்று ஏர்பிரஷ் வேலையும் சேர்த்துச் செய்கிறார். கவுண்டரில் என் மேஜை மேல் இருந்த நம் பத்திரிகையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் 80 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். கவிதைகள். நான்கு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். “வழவழன்னு இருக்கு தம்பி. இன்னும் நெறையப் படிக்கணும்” என்றேன். “சரிங்க சார்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வங்கிக்கு வந்தால் பக்கத்துக் கவுண்டரின் வரிசையில் நிற்பார். வரிசை நீளமாக இருந்தாலும் அதில்தான்.

இரண்டு வருஷம் கழித்து நான் அவரிடம் போக நேர்ந்தது இந்த அட்டையால். பங்குனியில் தபாலில் ஒரு ஏர்பிரஷ் வரவழைத்தேன். மேலே கப் வைத்தது, 0.3 மில்லிமீட்டர் நாசில், கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்ரஷர். ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். இவ்வளவுதான் சூத்திரம். எட்டு நாள் மாடி அறையில் போராடினேன். துப்பிற்று; அடைத்துக்கொண்டது; கப்புக்குள் வெந்நீர் மாதிரி கொப்புளம் விட்டது. ஒரு கோடு இழுத்தால் இரண்டு முனையிலும் குண்டு குண்டாகப் புள்ளி, நடுவில் நூல் - கர்லாக்கட்டையைப் படுக்க வைத்த மாதிரி. கிட்டத்தில் பிடித்தால் வண்ணம் நாலா பக்கமும் சிலந்திக் காலாக ஓடிற்று. தூரத்தில் பிடித்தால் தாளில் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பு. வழவழப்புக்குப் பேர்போன கருவி எனக்கு மட்டும் அதைத் தர மறுத்தது. ஒவ்வொன்றுக்கும் நான் செய்த வைத்தியம் ஒன்றே: காற்றைக் கூட்டுவது. அது சரிப்படாவிட்டால் தண்ணீரைக் கூட்டுவது. ஒன்பதாவது நாள் கெட்ட தாள்களைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

அவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டார். நான் காரணங்களை விளக்க ஆரம்பித்தேன். அவர் காது கொடுக்கவில்லை. தாள்களை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். “இது தூரம். இது பெயின்ட். இது ஊசி. இது... ரெண்டுங்க சார், பெயின்ட்டும் கையும்.” சீட்டுப் பிரிப்பது போல் நான்கு குவியலாகப் போட்டார். பிறகு கேட்டார்: “தண்ணி ஊதிப் பாத்தீங்களா?”

இந்தக் கேள்வியைப் புதிதாகக் கருவி எடுக்கிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு எட்டு நாளில் தோன்றவில்லை. கப்பைக் கழுவி வெறும் தண்ணீரை ஊற்றி ஊத வேண்டும். தண்ணீர் மூடுபனி போல் ஒரே சீராக வந்தால் கருவி சரி, பிழை வண்ணத்தில். தண்ணீரும் துப்பினால் வண்ணத்தை எவ்வளவு கரைத்தும் பிரயோஜனமில்லை, பிழை கருவியில். இரண்டும் சரியென்றால்தான் கைக்கு வர வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது அடுத்தது. காற்றையும் தண்ணீரையும் தூரத்தையும் சேர்த்து மாற்றினால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. நாளைக்கு மறுபடியும் கெடும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் தண்ணீர் துப்பிற்று. அவர் முன்பக்க மூடியைக் கழற்றினார். கொப்புளத்துக்கு ஒரே அர்த்தம்தான்: வெளியே போக வேண்டிய காற்று வழி தவறிக் கப்புக்குள் ஏறுகிறது. மூடி தளர்ந்திருக்கலாம், நாசில் வாயில் வண்ணம் இறுகியிருக்கலாம், நாசில் கீறியிருக்கலாம். என்னுடையது மூன்றாவது. அரிசியில் பாதி இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டை நான் குறடு வைத்து முறுக்கியிருந்தேன். “விரல் பலத்துக்கு மேல வேண்டாங்க சார்” என்று மட்டும் சொல்லி, பெட்டியோடு வந்த உபரி நாசிலை மாட்டினார். ஊசியைப் பின்பக்கமாக உருவி, கட்டைவிரல் நகத்தின் மேல் அதன் நுனியை மெதுவாக இழுத்தார், தடுக்கிற்று. கண்ணுக்குத் தெரியாத கொக்கி. அதனால்தான் ஊதல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் ஊசியைப் படுக்கவைத்து உருட்டி, 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து நுனியைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். பத்து நிமிஷம். நகம் தடுக்கவில்லை. இதற்கும் ஒரு எல்லை உண்டு, நுனி மழுங்கிவிட்டால் புது ஊசிதான் என்றார்.

பிறகு வண்ணம். நான் பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலரைக் கரைத்து ஊற்றியிருந்தேன். அதில் துகள் பெரிது. அந்த நாசிலுக்குள் நுழையாது. நல்ல அக்ரிலிக் வாங்கச் சொன்னார். பதம் பால் - தயிரும் அல்ல, மோரும் அல்ல. கப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் அது பின்னால் மெல்லிய படலத்தை விட்டுக்கொண்டு இறங்க வேண்டும். வடிகட்ட வேட்டித் துணியைக் கிழித்து வைத்திருந்தேன். சிரித்தார். பருத்தியில் நூல் உதிரும், ஒரு இழை போதும் நாசிலை அடைக்க. பழைய நைலான் துணி வேண்டும். தண்ணீர் அதிகமானால் சிலந்திக் கால், குறைந்தால் துப்பல், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் மிகச் சிறியது, அதுவும் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். சேலத்து வெயிலில் அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்து மீசை வைத்துவிடும். அப்போது கருவியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஈரத் தூரிகையால் நுனியைத் துடைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஐப்பசியில் நேர் எதிர். காற்றின் ஈரம் கம்ப்ரஷரில் குளிர்ந்து ஓஸ் வழியாக வந்து வண்ணத்துக்கு நடுவே தண்ணீர்ப் பொட்டாகத் தெறிக்கும். நடுவில் நீர் பிடிக்கும் கிண்ணம் ஒன்று மாட்டி, டேங்கின் அடித் திருகைத் திறந்து அவ்வப்போது வடிக்க வேண்டும். என்.சி. பெயின்ட் என்றால் அந்த ஈரத்தில் பூத்து வெளுத்தே போகும். அதனால் மழை நாளில் அவர் கதவு அடிப்பதில்லை.

என் உள்ளங்கைக் கம்ப்ரஷரையும் அவர் ஏற்கவில்லை. டேங்க் இல்லாததால் காற்று நாடி மாதிரித் துடிக்கிறது. கோட்டில் அந்தத் துடிப்பு மணி மணியாக விழுந்திருந்தது. நான் அதைக் கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன். பட்டறையின் பெரிய கம்ப்ரஷரிலிருந்து ரெகுலேட்டரில் 20 பவுண்டுக்கு இறக்கிக் கொடுத்தார். முகமூடி போடச் சொன்னேன், அவருக்கு. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இதுவே போதும் என்றார். போதாது. காய்ந்த தூசிக்கே துண்டு சரிப்படாது, லாரிக்கு அடிக்கும் ஹார்ட்னர் கலந்த பெயின்ட்டின் ஆவிக்கு அது ஒன்றுமே இல்லை. இது ஒன்றில்தான் நான் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தது. கேட்கவில்லை.

கடைசியாகக் கை. கர்லாக்கட்டையின் காரணம் எளிது. நான் தாளின் முன் கையை நிறுத்தி, ட்ரிகரை இழுத்து, பிறகு நகர்ந்தேன். போய்ச் சேர்ந்து, நின்று, பிறகு விட்டேன். நின்ற இடத்திலெல்லாம் குண்டு. “கை ஓடிட்டு இருக்கும்போதே எடுக்கோணும், ஓடிட்டு இருக்கும்போதே விடோணுங்க சார். காத்து முன்னாடியும் வரோணும், பின்னாடியும் வரோணும். பெயின்ட் நடுவுல மட்டும்.” எடுப்பு, விடுப்பு என்று அவர்கள் இதற்குச் சொல் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் மாலையில் வங்கியிலிருந்து வந்து பழைய செய்தித்தாளில் கோடு இழுத்தேன், வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் முடிவில் ஒரு கோட்டுக்கு முனை இல்லாமல் போயிற்று. எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று சொல்ல முடியாத கோடு. அதில் கை தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் அப்படித் தெரியாமலிருக்க எவ்வளவு கை வேண்டியிருக்கிறது என்பதை என் பத்து வருஷத்து அபிப்பிராயம் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

அச்சு வெட்டியதும் அவர்தான். எக்ஸ்ரே பிலிம் தண்ணீருக்கு ஊறாது, பிளேடுக்கு வளையும், நூறு தடவை துடைத்தாலும் விளிம்பு போகாது. சாய்த்து ஊதினால் காற்று பிலிமின் விளிம்பைத் தூக்கி வண்ணத்தை அடியில் தள்ளும். அதனால் நேர் மேலே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, நான்கைந்து தடவை. மூலைகளில் ஐந்து ரூபாய் நாணயம். வேலை முடிந்ததும் கப்பைக் கழுவி, நாசில் வாயைத் துணியால் பொத்தி ட்ரிகரை இழுத்தால் காற்று திரும்பிக் கப்புக்குள் குமிழிட்டு உள் அழுக்கைக் கக்கும். முதல் வாரம் என் உயிரை வாங்கிய அதே கொப்புளம், இங்கே வைத்தியம். கருவியை முழுசாகத் தின்னரில் ஊறப் போடக் கூடாது, உள்ளே ரப்பர் வளையம் உப்பிவிடும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தாள்களைக் கொடியில் மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: “சார், அந்த நோட்டுல எந்தப் பக்கம்ங்க?”

புரியாதது போல் இருந்தேன்.

“வழவழன்னு சொன்னீங்களே. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா பாக்கலாம்.”

பதில் என்னிடம் இல்லை. ஒரு பக்கம்கூட நினைவில் இல்லை. வங்கியில் ஒரு காசோலையைத் திருப்புவதென்றால்கூட காரணம் குறித்த சீட்டு சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். பணம் போதவில்லையா, கையெழுத்து ஒத்துவரவில்லையா, தேதி தவறா. ‘காசோலை சரியில்லை’ என்று எழுதி அனுப்ப எந்தக் குமாஸ்தாவுக்கும் உரிமை கிடையாது. பகல் முழுவதும் இதைச் செய்கிறவன், ராத்திரி விமர்சகனானதும் ஒரு மனிதனின் ஐந்தாறு வருஷத்து உழைப்பை ஒரு சொல்லோடு திருப்பியிருந்தேன்.

நோட்டை மறுபடி கேட்டு வாங்கினேன். தரத் தயங்கினார், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். அட்டையில் நீல வண்ணத்தில் ஒரு கட்டைவிரல். இந்த முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். 31 கவிதைகள். பாதிக்கு மேல் கவிதைகள் அல்ல, அதில் இன்றும் சந்தேகமில்லை. ஆனால் வழவழப்பு? தேடித் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. சில இடங்களில் அடர்த்தி தாங்காமல் துப்புகிறது. சில இடங்களில் சொல் நீர்த்து ஓடுகிறது. வழவழப்பு நான் கொண்டுபோனது. அவருடைய தொழில் எனக்குத் தெரியும். அந்தத் தொழிலின் கருவியைப் பற்றி எனக்கொரு சித்தாந்தம் இருந்தது. நோட்டைத் திறக்கு முன்பே சொல் தயாராக இருந்தது. நண்பர்களே, நம் பக்கங்களில் நாம் எழுதிய எத்தனை மதிப்புரைகள் இப்படித் தயாரானவை என்று நான் எண்ணிப் பார்த்தேன். என்னுடையவற்றில் மூன்று தேறின. மற்றவர்கள் தங்களுடையதை எண்ணிக்கொள்ளலாம்.

பதினோராம் பக்கத்தில் சரபங்கா நதியைப் பற்றி ஒன்று. நதியை விளித்து ஒரு நீண்ட முதல் வரி. முடிவில் அந்த நதி தன் நெஞ்சைப் போல வறண்டது என்று இரண்டு வரி. இடையே ஏழு வரிகள்: மழைக்குப் பிறகு தேங்கிய குட்டையில் ஒரு கிளீனர் பையன் லாரியைக் கழுவுகிறான், சோப்பு நுரை விலகும்போது கதவில் தான் எழுதிய பெயர் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது, பையனால் அதைப் படிக்க முடியவில்லை, எழுதியவனால் முடிகிறது, அச்சை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துப் பழகிய கண் என்பதால். இந்த ஏழு வரிகளில் ஒரு உவமை இல்லை. நம்மில் யாரும் வெட்கப்படாமல் எழுதியிருக்கக்கூடிய வரிகள். நான்கு மாதம் என் வீட்டில் இருந்தன.

மறுநாள் பட்டறையில் நோட்டை விரித்து வைத்து, “தம்பி, எடுப்பும் விடுப்பும்” என்றேன். முதல் வரியையும் கடைசி இரண்டையும் பென்சிலால் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “நின்னுட்டு இழுத்திருக்கேன்” என்றார். பிறகு நோட்டைப் புரட்டி, நான் சொல்லாத இன்னும் நான்கைந்து பக்கங்களில் அதே குண்டை அவரே விரலால் காட்டினார். பத்தொன்பதாம் பக்கத்தில் நான் குறித்திருந்ததை ஒப்புக்கொள்ளவில்லை. “இது சரிதாங்க சார், நீங்க தூரத்துல இருந்து பாக்கறீங்க” என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் இரண்டு நாள் வேண்டும்.

அட்டைகள் 200இல் 17 கெட்டன. தாள் மிச்சமில்லாததால் அவற்றையும் சேர்த்தே அனுப்புகிறோம். இடது மூலையில் சிலந்திக் கால் இருக்கும் பிரதி உங்களுக்கு வந்தால், அது நான் அடித்தது. தண்ணீர் அதிகம், கை கிட்டம். அந்த ஏழு வரிகளை இந்த இதழுக்குக் கேட்டேன். தரவில்லை. வரும் சனிக்கிழமை உபரி நாசில் வாங்க இரண்டு பேருமாகச் சேலம் போகிறோம்.